அன்லிமிடெட் என்றால் எதற்கு எல்லை இல்லை?

அத்தை போன் செய்தபோது இரவு எட்டரை மணி இருக்கும். பேத்தியுடன் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தாராம். குழந்தையின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, அப்படியே உறைந்துவிட்டதாம். “எல்லையே இல்லை என்று சொல்லித்தானே இந்தத் திட்டத்தைக் கொடுத்தார்கள்? பிறகு ஏனப்பா இப்படி?” என்று கேட்டார். எனக்கு முன்பே மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். போனில் பழுது என்றார் ஒருவர். சிம் அட்டை பழையது என்றார் இன்னொருவர். இதைவிடப் பெரிய திட்டமாக வாங்குங்கள் என்றார் மூன்றாமவர்.

அத்தை வாங்கியிருந்தது உண்மையிலேயே அன்லிமிடெட் திட்டம்தான். ஆனால் அந்தச் சொல் எதற்கு எல்லை இல்லை என்கிறது, எதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவருக்கு மட்டுமா? மாதா மாதம் இதற்காகப் பணம் கட்டும் நம்மில் பெரும்பாலோர், டேட்டாவின் அளவு, அது வரும் வேகம், கூட்டத்தில் நமக்குக் கிடைக்கும் இடம் என்ற மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால், எந்தத் திட்டம் நமக்கு என்ற கேள்விக்கான பாதி விடை கையில் வந்துவிடும்.

## தொட்டியும் குழாயும்

மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. குழாயைத் திறந்தால் எவ்வளவு விரைவாகக் குடம் நிறைகிறது என்பது வேறு கேள்வி. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகலாம். கால் தொட்டிதான் இருக்கிறது, ஆனால் குழாய் பீறிட்டு அடிக்கிறது என்பதும் நடக்கக்கூடியதே.

போனில் வரும் தகவலுக்கு டேட்டா என்று பெயர். தொட்டியின் கொள்ளளவைப் போல அதன் அளவைச் சொல்வதற்குப் பயன்படும் அலகு பைட். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட் அதாவது எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. (1024 என்று கணக்கிடுகிறவர்களும் உண்டு. நம் தேவைக்கு ஆயிரமே போதும்.) திட்டத்தின் பெயரில் வரும் ‘20 ஜிபி’ என்பது இந்த அளவைத்தான் குறிக்கிறது.

வேகத்தைச் சொல்லும்போது மட்டும் வேறோர் அலகு நுழைந்துவிடுகிறது: பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். விளம்பரத்தில் ‘விநாடிக்கு 20 மெகாபிட்’ என்று இருந்தால் உங்கள் போனுக்கு விநாடிக்கு 20 எம்பி வராது. எட்டால் வகுத்து, இரண்டரை எம்பி என்று படிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு ஜிபியை இறக்க 400 விநாடி, ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். விநாடிக்கு 100 மெகாபிட் கிடைத்தால் அதே ஒரு ஜிபி 80 விநாடியில் வந்து சேரும்.

இதுவரை பார்த்தது: ஜிபி என்பது தொட்டி. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது குழாய். வரம்புள்ள திட்டம், அன்லிமிடெட் திட்டம் என்ற பெயர்கள் தொட்டியைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. குழாயைப் பற்றி அவை எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

## கோபுரம் எல்லோருக்கும் பொது

டேட்டா என்பது எங்கோ வெட்டியெடுத்துக் கொண்டுவரும் சரக்கு அன்று. நேற்று நள்ளிரவில் யாரும் பயன்படுத்தாத டேட்டாவைச் சேமித்து வைத்து இன்று மாலை விற்க முடியாது. அப்படியானால் அதற்கு ஏன் அளவு வைத்து விற்கிறார்கள்? பலர் இந்த இடத்தில் நின்று, “இது வெறும் காசு பிடுங்கும் வேலை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் உண்மையான தட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது நியாயமான எல்லை, எது வெறும் விற்பனைத் தந்திரம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

உங்கள் போன் பேசுவது அருகிலிருக்கும் செல்போன் கோபுரத்துடன். இருவருக்கும் நடுவே கம்பி இல்லை, ரேடியோ அலைகள்தான். ஒரு நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள அனுமதி பெற்ற ரேடியோ அலைகளின் பட்டைக்கு அலைக்கற்றை என்று பெயர். அது சாலையின் அகலம் போன்றது. ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள அலைக்கற்றையில், குறிப்பிட்ட இரைச்சலுக்கு நடுவே, ஒரு விநாடியில் இவ்வளவு தகவலுக்கு மேல் பிழையின்றி அனுப்பவே முடியாது என்பதை 1948-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் கணிதத்தால் நிறுவினார். எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வைத்தாலும் அந்த உச்சவரம்பை மீற இயலாது. சாலையை அகலப்படுத்தலாம், அதாவது கூடுதல் அலைக்கற்றை வாங்கலாம். அல்லது பக்கத்திலேயே இன்னொரு சாலை போடலாம், அதாவது இன்னொரு கோபுரம் நிறுத்தலாம். இரண்டுக்கும் பெருஞ்செலவு ஆகும்.

அந்த ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அங்கே அந்நேரத்தில் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு கோபுரத்தின் ஒரு பக்கம் விநாடிக்கு 100 மெகாபிட் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் வீடியோ பார்த்தால் ஆளுக்கு 20 மெகாபிட். ஐம்பது பேர் பார்த்தால் இரண்டு. நிஜத்தில் இந்தப் பங்கீடு இவ்வளவு சமமாக நடப்பதில்லை. கோபுரத்துக்கு அருகில் இருப்பவரின் அலை தெளிவாகப் போய்ச் சேருவதால் அதே ஒரு நொடியில் அவருக்கு அதிகத் தகவல் அனுப்பலாம். தொலைவில் சுவர்களுக்குப் பின்னால் இருப்பவருக்குக் குறைவாகவே அனுப்ப முடியும்.

ஆகத் தட்டுப்பாடு டேட்டாவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கிளம்பிப் போய்விட்ட பஸ்ஸில் காலியாக இருந்த இருக்கையை யாருக்கும் டிக்கெட் போட்டு விற்க முடியாது. கோபுரத்தின் கொள்ளளவும் அப்படித்தான். விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் பத்து ஜிபி இறக்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆளுக்கு அரை ஜிபி இறக்கினாலே தெரு முழுவதும் திணறும். நியாயமாகப் பார்த்தால் நெரிசல் நேரத்துக்கு ஒரு கணக்கு, வெறிச்சோடிய நேரத்துக்கு ஒரு கணக்கு என்று வைக்க வேண்டும். அது வாங்குபவருக்கு எளிதில் புரியாது என்பதால், மாதத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்ற மொத்தக் கணக்கு நிலைத்துவிட்டது. இந்த அளவுக் கணக்குமே அப்படியொன்றும் பழையதில்லை. 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஜிபிஆர்எஸ் தொழில்நுட்பம் வருவதற்கு முன், செல்போனில் இணையம் என்றால் குரல் அழைப்பைப் போல ஒரு தனிப் பாதையைத் திறந்து வைத்து, நிமிடக் கணக்கில் பணம் வாங்கினார்கள். ஜிபிஆர்எஸ் வழியாக, தகவலைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் முறை வந்த பிறகுதான், அனுப்பிய அளவுக்குக் கட்டணம் என்பது சாத்தியமாயிற்று.

சுருக்கமாக: கோபுரத்தின் கொள்ளளவுக்கு இயற்கையே விதித்த ஓர் எல்லை உண்டு. அது நெரிசல் நேரத்தில் மட்டுமே நம்மைத் தொடுகிறது. ஜிபி வரம்பு என்பது அந்த நெரிசலைக் கட்டுப்படுத்த நிறுவனங்கள் வைத்திருக்கும் மழுங்கலான ஒரு கருவி.

## எல்லையைத் தொட்டதும் என்ன ஆகிறது?

திட்டத்துக்கு எல்லை உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, எல்லையைத் தொட்டதும் என்ன நடக்கும் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாத் திட்டங்களுக்கும் ஏதோ ஒரு கோடு உண்டு. கோட்டைத் தாண்டிய பின் நடப்பதில்தான் வித்தியாசம்.

சில திட்டங்களில் இணையம் அப்படியே நின்றுவிடும். மறுபடி ரீசார்ஜ் செய்தால்தான் வரும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் நேர்மையானது. உங்கள் செலவு கைமீறாது. வேறு சில திட்டங்களில் இணையம் நிற்காது, கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் கட்டணச் சீட்டைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் இந்த வகைத் திட்டத்தில் இருப்பவர்கள்தாம். கூடுதல் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி அதில் உண்டா என்று கேட்காமல் இதை எடுக்கவே கூடாது.

மூன்றாவது வகை, வேகக் குறைப்பு. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், அந்தக் காலக்கெடு முடியும்வரை, நிறுவனம் உங்கள் குழாயின் வாயை வேண்டுமென்றே சுருக்கிவிடுகிறது. அன்லிமிடெட் என்ற பெயரில் விற்கப்படும் திட்டங்களில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற பெயரில் விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில் இது எழுதியிருக்கும்.

சுருக்கிய பிறகு என்ன வேகம் என்பதுதான் இங்கே உயிர்நாடி. பலர் சட்டை செய்யாமல் விட்டுவிடும் அந்தச் சிறு எண்ணை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்போம். விநாடிக்கு 64 கிலோபிட் என்று போட்டிருந்தால், எட்டால் வகுக்க, விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி வந்து சேர 125 விநாடி, இரண்டு நிமிடத்துக்கும் மேல். மூன்று எம்பி உள்ள ஒரு புகைப்படத்தை அனுப்ப ஆறு நிமிடத்துக்கும் மேல். எழுத்துச் செய்தி போகும், வரும். மற்றபடி கையில் இருப்பது பெயருக்குத்தான் இணையம். நாள் முழுக்க, 24 மணி நேரமும் ஒரு நொடிகூட விடாமல் இறக்கிக்கொண்டே இருந்தாலும் 700 எம்பியைத் தொட முடியாது. அளவுக்கு எல்லை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேகத்தாலேயே ஓர் எல்லையைக் கட்டிவிட்டார்கள் என்பது இப்போது தெரிகிறதல்லவா? அதுவே ஒரு மெகாபிட்டுக்குக் குறைத்தார்கள் என்றால் கதையே வேறு: சாதாரணத் தரத்தில் வீடியோ ஓடும், வரைபடம் திறக்கும், குரல் அழைப்பு தெளிவாக இருக்கும். வாழ முடியும்.

இது வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-இல் கலிஃபோர்னியாவில் மென்டசினோ காட்டுத் தீ எரிந்துகொண்டிருந்தபோது, அதை அணைக்கச் சென்ற சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் ஒருங்கிணைப்பு வாகனத்தில் இணையம் ஏறக்குறைய செயலிழந்துபோனது. அவர்களிடம் இருந்ததும் அன்லிமிடெட் என்ற பெயருடைய திட்டம்தான். மாத அளவைத் தாண்டியதால் வேகம் இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது என்று துறையின் தலைவர் நீதிமன்றத்தில் அளித்த வாக்குமூலத்தில் குறிப்பிட்டார். அவசரக் காலங்களில் இந்தக் கட்டுப்பாட்டை விலக்கும் தன் நடைமுறையைப் பின்பற்றாமல் விட்டது தவறு என்று அந்தத் திட்டத்தை விற்றிருந்த வெரைசன் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நான்காவது வகைதான் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது: முன்னுரிமைக் குறைப்பு. இதில் உங்கள் வேகத்தை நிரந்தரமாகச் சுருக்குவதில்லை. கோபுரத்தில் கூட்டம் இல்லாதபோது முழு வேகம் கிடைக்கும். கூட்டம் சேர்ந்தால் மட்டும் உங்களை வரிசையின் பின்னால் நிறுத்திவிட்டு, மற்றவர்களின் பொட்டலங்களை முதலில் அனுப்புவார்கள். சில மலிவான திட்டங்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகு இது தொடங்கும். சிலவற்றில் முதல் நாளிலிருந்தே உங்கள் இடம் பின்வரிசைதான். நெரிசல் இல்லாத இடத்தில் வசிப்பவர் இந்த வேறுபாட்டை உணரவே மாட்டார். பெருங்கூட்டமுள்ள ரயில் நிலையத்தில் நிற்பவருக்கு இணையம் செத்ததுபோல் இருக்கும். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே திட்டம். ‘எனக்கு அருமையாக வேலை செய்கிறது’ என்று ஒருவர் சொல்வதை வைத்து இன்னொருவர் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

உங்கள் போனில் நடப்பது எது என்று கண்டுபிடிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. வேகத்தை அளக்கும் செயலி ஒன்றை விடியற்காலையில் ஒரு முறையும், இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு முறையும், அதே இடத்தில் நின்று இயக்கிப் பாருங்கள். (சோதனையும் டேட்டாவைச் செலவழிக்கும் என்பதால் அடிக்கடி வேண்டாம்.) இரண்டு வேளையும் ஒரே மாதிரி, விநாடிக்கு 64 அல்லது 128 கிலோபிட் என்பதுபோல ஒரு முழு எண்ணை ஒட்டியே நின்றால், வேகக் குறைப்பு. காலையில் பறந்து இரவில் படுத்துவிட்டால், நெரிசல் அல்லது முன்னுரிமைக் குறைப்பு. இரண்டு வேளையும் மோசம், ஆனால் எண் தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு அலை சரியாக வந்து சேரவில்லை. திரையின் மூலையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். அவை அலையின் வலிமையைச் சொல்கின்றன, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: நின்றுபோதல், கூடுதல் கட்டணம், வேகக் குறைப்பு, முன்னுரிமைக் குறைப்பு என்று நான்கு விதமான முடிவுகள் உண்டு. அன்லிமிடெட் திட்டம் முதல் இரண்டிலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறது. பின்னிரண்டிலிருந்து காப்பாற்றுமா என்பதை விதிமுறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## பெயருக்குள் ஒளிந்திருக்கும் மற்ற எல்லைகள்

போனின் இணையத்தை மடிக்கணினிக்கோ வேறு போனுக்கோ பகிர்வது ஹாட்ஸ்பாட். போனில் அளவில்லாமல் கொடுக்கும் பல திட்டங்கள், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு வைக்கின்றன. கணினி, போனைவிட மிகுதியாக டேட்டாவை இழுக்கும் என்பதே காரணம். வீட்டில் வேறு இணைப்பு இல்லாமல் போனை நம்பியே வேலை செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

சில திட்டங்கள் வீடியோவின் தரத்தை 480பி, அதாவது சாதாரணத் தரம் என்ற அளவுக்குக் கட்டிவிடுகின்றன. கைப்பேசித் திரையில் இதனால் பெரிய நட்டம் இல்லை என்பேன். சில திட்டங்கள் குறிப்பிட்ட செயலிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்தாதவர் என்றால் அந்தச் சலுகையால் உங்களுக்குப் பயனில்லை. வெளிநாடு போனால் அன்லிமிடெட் என்ற சொல் பெரும்பாலும் விமான நிலையத்தோடு நின்றுவிடும்.

இந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்ற வழக்கு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2014-இல் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, மாதத்துக்கு 2 ஜிபி பயன்படுத்தியவர்களின் வேகத்தைக்கூடச் சுருக்கியதாகவும், அதை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதாகவும் குற்றச்சாட்டு. 2019-இல் 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வேகக் கட்டுப்பாட்டை வெளிப்படையாக, கண்ணில் படும்படி தெரிவிக்காமல் இனி வேகத்தைப் பற்றியோ அளவைப் பற்றியோ வாக்குறுதி தரக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் இருந்தது. சுருக்கியது ஒருபுறம் இருக்கட்டும், அதைச் சொல்லாமல் விட்டதுதான் அங்கே கேள்விக்குள்ளானது.

## உங்கள் செலவை நீங்களே அளந்து பாருங்கள்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். ஆனால் டேட்டாவில் நாம் அளப்பதே இல்லை, ஊகிக்கிறோம். அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாகிறது. மணிக்கணக்கில் செய்தி அனுப்பும் ஒருவர் தான் நிறைய டேட்டா செலவழிப்பதாக நினைக்கிறார். எப்போதாவது குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போகும் இன்னொருவர் தனக்கு ஒன்றும் செலவே இல்லை என்கிறார். உண்மை நேர்மாறாக இருக்கும்.

ஒரே ஒரு சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்ற வேகத்தில் ஏதாவது ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். சாதாரணத் தர வீடியோ ஏறக்குறைய இந்த வேகத்தில் ஓடும். மணிக்கு அரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மெகாபிட்டில் ஓடும் உயர்தர வீடியோ மணிக்கு இரண்டேகால் ஜிபி. 15 மெகாபிட் கேட்கும் மிக உயர்தர வீடியோ மணிக்கு ஏழு ஜிபியை நெருங்கும். விநாடிக்கு 160 கிலோபிட்டில் பாட்டுக் கேட்டால் மணிக்கு 72 எம்பிதான். இணையம் வழியான குரல் அழைப்பு இன்னும் சிக்கனமானது. வீடியோ அழைப்பில் உங்கள் முகம் போவதும் எதிரில் இருப்பவர் முகம் வருவதும் இரண்டுமே கணக்கில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்: ஒரு பக்கத்துக்கு ஒரு மெகாபிட் என்றால் மணிக்கு 900 எம்பி. எழுத்துச் செய்தி, ஆயிரம் அனுப்பினாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. வீடியோவைத் தவிர மற்றதெல்லாம் சில்லறை.

5ஜி போன் வாங்கியதிலிருந்து டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்ற குறையை நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். அதே வீடியோவை அதே தரத்தில் பார்த்தால் 4ஜியிலும் 5ஜியிலும் செலவு ஒன்றுதான். ஆனால் செயலிகள் குழாயின் வேகத்தைப் பார்த்து, அது நன்றாக இருந்தால் தாமாகவே வீடியோவின் தரத்தை உயர்த்திக்கொள்கின்றன. இதற்குத் தகவமைவு ஒளிபரப்பு என்று பெயர் சொல்லலாம். செயலியின் அமைப்புக்குள் போய்த் தரத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் அந்தக் கசிவு நின்றுவிடும்.

கசிவுகள் இன்னும் உண்டு. எடுத்த புகைப்படங்களைத் தானே மேலேற்றும் வசதி, தானே ஓடத் தொடங்கும் வீடியோக்கள், பின்னணியில் நடக்கும் செயலிப் புதுப்பிப்புகள் ஆகியவை நம்மைக் கேட்காமலே செலவழிப்பவை. ஐபோனில் 2015-இல் வந்த ‘வைஃபை அசிஸ்ட்’ என்ற வசதி, வைஃபை பலவீனமாக இருந்தால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வீட்டில் வைஃபையில்தான் இருந்தேன், எப்படித் தீர்ந்தது என்று குழம்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் 2016-இலிருந்தும் ஐபோனில் 2019-இலிருந்தும் டேட்டாவைச் சிக்கனப்படுத்தும் முறை ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கினால் பின்னணிச் செலவு பெருமளவு குறையும்.

அளப்பதற்கு, போனின் அமைப்புகளில் மொபைல் டேட்டா என்ற பகுதிக்குப் போனால் எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்று வரிசையாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கலாம். ஐபோனில் அந்த எண் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது, நாமே மீட்டமைக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தத்தைப் பார்த்து மிரண்டுபோவீர்கள். கண்ணால் பார்த்த மூன்று மாத எண்கள், எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட மதிப்புள்ளவை.

## சரி, எதை எடுப்பது?

அந்த மூன்று மாதங்களில் மிக அதிகமாகச் செலவான மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு கால் பங்கு கூட்டுங்கள். 12 ஜிபி என்றால் 15. அந்த அளவைத் தாராளமாகக் கொள்ளும் வரம்புள்ள திட்டம், அன்லிமிடெட்டைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மலிவாக இருந்தால், அதையே எடுங்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் வைஃபை இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான் வருவார்கள். அவர்கள் வாங்கும் அன்லிமிடெட்டில் பெரும்பகுதி, தொடப்படாமலே மாதக் கடைசியில் காலாவதியாகிறது.

போன்தான் வீட்டின் ஒரே இணைப்பு என்றாலோ, பயணத்திலேயே நாள் கழிகிறது என்றாலோ, செலவு மாதத்துக்கு மாதம் தாவுகிறது என்றாலோ அன்லிமிடெட்தான் பொருத்தம். பாதியில் இணைப்பு அறுந்தால் தேர்வோ சம்பளமோ போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கும் அதையே சொல்வேன். கணக்குப் பார்க்கும் கவலையிலிருந்து கிடைக்கும் விடுதலைக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வாங்கும் முன், முழு வேகத்தில் எத்தனை ஜிபி, அதன் பிறகு என்ன வேகம், ஹாட்ஸ்பாட்டுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அதை வரம்புள்ள திட்டமாகவே வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

நாள் வரம்பா, மாத வரம்பா என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. வார நாட்களில் அரை ஜிபியும் ஞாயிறுகளில் நான்கு ஜிபியும் செலவழிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு ஞாயிறுகள் உள்ள 30 நாளில் அவருக்கு 29 ஜிபி தேவை. மாதத்துக்கு 30 ஜிபி தரும் திட்டம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நாளுக்கு ஒன்றரை ஜிபி என்ற திட்டத்தில் மொத்தம் 45 ஜிபி கிடைக்கிறது, கேட்கப் பெரிதாகவும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் பாதி வழியில் நின்றுவிடுவார், மற்ற நாட்களில் ஆளில்லாமல் ஒரு ஜிபி வீணாகும். அன்றாடம் ஒரே சீராகச் செலவழிப்பவருக்கு நாள் வரம்பு நல்லது. ஏற்ற இறக்கம் உள்ளவருக்கு மாத வரம்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாக வருகிறது என்று பாருங்கள். அலை வராத இடத்தில் எந்தத் திட்டத்தாலும் பயனில்லை. குறுகிய காலக்கெடு உள்ள ஒரு திட்டத்தை எடுத்து இரவு நேரத்தில் சோதித்துவிட்டு, பிறகு நீண்ட காலத் திட்டத்துக்குப் போகலாம்.

அத்தையின் போனில் நாங்கள் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் அளந்து பார்த்தோம். காலையில் விநாடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேல். இரவில் ஒன்றுக்கும் கீழே, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே. போனில் பழுதில்லை, சிம்மில் பழுதில்லை, அவர் எந்த வரம்பையும் தாண்டவும் இல்லை. தெருவே இணையத்தில் இருக்கும் நேரத்தில் அவர் பேத்தியை அழைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பெரிய திட்டம் வாங்கியிருந்தாலும் அதே கோபுரம், அதே வரிசைதான். மாதச் செலவைப் பார்த்தோம்: ஒன்பது ஜிபி. காலக்கெடு முடிந்ததும் 12 ஜிபி உள்ள சிறிய திட்டத்துக்கு மாறிக்கொண்டார். பேத்தியுடனான அழைப்பு இப்போது காலை ஏழு மணிக்கு, குழந்தைக்குத் தலை பின்னிவிடும் நேரத்தில்.